கரோல் பாக் வீட்டுச் சுவரலமாரி

காலை எட்டரை மணி. கரோல் பாக்கில் வெங்கட்ராமனின் அப்பா கட்டிய பழைய வீடு. கூடத்துச் சுவரில் பதித்த அலமாரிக்குக் கம்பி வலைக் கதவு, பெரிய பூட்டு. உள்ளே நெருக்கமாகப் பித்தளைப் பாத்திரங்கள். அவற்றுக்குப் பின்னால் இருந்த நகைப்பெட்டியைக் காணோம். காலமான மனைவி பட்டுவின் வைரத்தோடு அதில்தான் இருந்தது.

"நேத்து காலம்பற இருந்தது. இன்னிக்கு வலை வழியா, பாத்திர இடுக்குல டார்ச் அடிச்சுப் பார்த்தேன், இல்லை. எதையும் தொடாம உங்களுக்கு போன் பண்ணினேன்" என்றார் வெங்கட்ராமன்.

"சாவி?" என்றாள் சப்-இன்ஸ்பெக்டர் பூங்கோதை.

"என் இடுப்பிலதான். மத்தியானம் புழுதிப்புயல் அடிச்சுதே, சாயங்காலம் துடைக்கறதுக்கு வேலம்மாள்கிட்ட கொடுத்தேன்."

வீட்டு வேலை செய்யும் வேலம்மாள் அழுதுகொண்டிருந்தாள். "கரண்டு போயிருச்சுங்க. திறக்காமயே சாவியக் குடுத்துட்டேன். திருடின்னு பேர் வந்தா இந்தத் தெருவுல யாருங்க வேலை குடுப்பாங்க?"

"அச்சா, பின்னே பூதமா எடுத்தது? ஜல்தி கேஸ் எழுதுங்க மேடம்!" என்றான் மகன் சுந்தரேசன். குருகிராமில் இருப்பவன். அப்பாமேல் திடீரென்று பாசம் பொங்கி, ரெண்டு நாளாக இங்கே தங்கியிருக்கிறான்.

பூங்கோதை பூட்டைத் திறந்தாள். பாத்திரங்கள்மேல் புயல் கொண்டுவந்த புழுதி படிந்திருந்தது. எங்கும் கலையவில்லை.

"சுவர் ஏன் சார் இவ்வளவு தடிமன்? அந்தப் பக்கம் என்ன?"

"அப்போ சமையலறை. அப்பா மடி பார்ப்பார். தேய்ச்ச பாத்திரத்தை வேலைக்காரா இந்தப் பக்கம் வைப்பா. அம்மா அந்தப் பக்கத்திலேர்ந்து தண்ணி தெளிச்சு எடுத்துப்பா. அப்புறம் பின்பக்கம் பலகை அடிச்சாச்சு. இப்போ அது சுந்தரேசன் படுக்கிற ரூம்."

பூங்கோதை அந்த அறைக்குப் போனாள். பீரோவை நகர்த்தினாள். பலகை கையோடு வந்தது.

"முன்பக்கமா எடுத்திருந்தா பாத்திரத்தை நகர்த்தணும், புழுதி கலைஞ்சிருக்கும். வேலம்மாள் கைக்குச் சாவி வந்ததே புயலுக்கு அப்புறம்தான். எடுத்தது நீங்கதான், சுந்தரேசன். பெட்டி எங்கே?"

சுந்தரேசன் தன் சூட்கேஸைக் காட்டினான். வேலம்மாளைத் துரத்திவிட்டால் அப்பாவால் தனியாக இருக்க முடியாது, வீட்டை பில்டருக்குக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

வெங்கட்ராமன் வேலம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார். "உன்னாலதாம்மா நான் இந்த வீட்டில இருக்கேன். உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே."

வேலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூங்கோதையிடம் வந்தாள்.

"எல்லாரும் என் கையத்தான் பாத்தாங்க. நீங்க ஒருத்தர்தான் அலமாரியப் பாத்தீங்க. ரொம்ப நன்றிங்க, மேடம்."