ரமேஸுக்காக ஒரு வேண்டுதல்

இரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டத்துத் தேவாலயத்தில் கரோல் பயிற்சி. வேதபாடம் நடத்தும் நல்லையா சேர் ஒரு வேலையாக, தொழிலாளர் வீடுகள் இருக்கும் மேல் லயத்துக்குப் போனார். குடை பிடிக்கச் சர்மிளாவும் உடன் போனாள். திரும்பி வர நேரமாகிவிட்டது.

காத்திருந்து அலுத்துப்போன ரமேஸ், சர்மிளாவின் அம்மா எல்லோருக்குமாகச் சுட்டு அனுப்பிய கொக்கிஸ் பலகார டின்னைத் திறந்துவிட்டான். சேர் வந்தபோது தூள்தான் மிச்சம். மற்ற பிள்ளைகள் வாயைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளைகளாக நின்றார்கள்.

டின்னைத் திறந்தது யாரென்று சேர் கேட்டார். ரமேஸ் கையைத் தூக்கினான். இந்த வருடம் அவன் கரோலுக்கு வர வேண்டாம் என்று சேர் சொல்லிவிட்டார். மேளம் அடிக்க ஆண்டு முழுதும் காத்திருந்தவன், வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தான்.

நல்லா வேணும் என்று சர்மிளா நினைத்தாள்.

பிறகு வேதபாடம் தொடங்கியது. மோசே மலையிலிருந்து இறங்கத் தாமதமானதால், மக்கள் பொன்னால் கன்றுக்குட்டி செய்து வணங்கினார்கள். கடவுளுக்குக் கடுங்கோபம். மோசேயோ நடுவில் நின்று, அவர்களை மன்னிக்காவிட்டால் தன் பெயரையும் அழித்துவிடும்படி மன்றாடினார். அடுத்தவருக்காகப் பரிந்து வேண்டுவது இதுதான் என்றார் சேர்.

பாடம் முடிந்தால் ஒவ்வொருவரும் இன்னொருவருக்காக ஜெபிப்பது அங்கே வழக்கம். சர்மிளா கண்களை மூடினாள். ரமேஸின் முகம்தான் வந்தது. ஆனால் ரமேஸ்மேல் கோபப்பட்டது கடவுள் இல்லையே, நல்லையா சேர்தானே? அவள் கண்களைத் திறந்து நேரே சேரிடம் போனாள்.

"சேர், ரமேஸையும் சேத்துக்கோங்க. இல்லாட்டி நானும் வரல."

சேர் அவளை உற்றுப் பார்த்தார். "ஒங்க வீட்டுப் பலகாரத்ததானே தின்னான்? ஒனக்குக் கோவம் இல்லையா?"

"நெறைய இருக்கு சேர். ஆனா அவனும் வரணும்."

சேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாடம் நடத்திட்டு நானே மாட்டிக்கிட்டேன். போ, நீயே கூட்டிட்டு வா."

படியில் இருந்த ரமேஸிடம், சேர் வரச் சொன்னதாகச் சொன்னாள். அவன் நம்பவில்லை. யார் கேட்டது என்றான்.

"நான்தான் கேட்டேன். இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள் சர்மிளா.

"மன்னிச்சிக்க, சர்மிளா" என்று முணுமுணுத்தபடி ரமேஸ் அவள் பின்னால் உள்ளே வந்தான். சர்மிளா பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டாள்.