மூன்று கிலோ பத்து கிராம்

நைரி டல்லக் முதல் சீஸ் ரோலை வாயருகே கொண்டுபோன நேரத்தில் க்ளேட்டன் ஹாலிவெல் உள்ளே வந்தார். லம்ஸ்டன் என்ற அந்தச் சின்ன ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. மற்றவர்கள் உள்ளே வந்த பிறகாவது "வரலாமா?" என்று கேட்பார்கள். க்ளேட்டன் வீடு விற்கும் தரகர். பிறர் வீட்டுக்குள் நுழைவது அவருக்குத் தொழில்.

ஒரு கையில் நீளமான பெட்டி, மறு கையில் சமையலறைத் தராசு. இடது புருவத்துக்கு மேலே பிறை வடிவில் ஒரு வெட்டு, மூன்று தையல்.

"நைரி, என் துப்பாக்கிக்கு எடை ஏறுது," என்றார்.

மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த டூகல் பிரீ உடனே நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். டூகல் முப்பது வருடம் தபால்காரராக இருந்தவர். அத்தனை கடிதங்களையும் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்த பாவத்துக்குப் பரிகாரமாக, ஓய்வுபெற்ற பிறகு எல்லோர் விஷயத்தையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நைரியோ அரசின் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற பெண்மணி. கறிக்கடைக்காரரின் கட்டைவிரல் எப்போது தராசுத் தட்டைத் தொடும் என்பது விரலுக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரியும். ஊரில் எது காணாமல் போனாலும் அவரிடம்தான் வருவார்கள். எதுவோ கூடிப்போய்விட்டது என்று ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை.

"முதல்ல தோட்டா ஏத்தற போல்ட்டைக் கழட்டிட்டியா?"

"கழட்டித்தான் இருக்கு. நான் என்ன சின்னக் குழந்தையா?" க்ளேட்டன் பெட்டியைத் திறந்தார். "கேளுங்க. வாங்கினப்போ குறிபாக்கற ஸ்கோப்போட சேத்து மூணு கிலோ பத்து கிராம். போன வருஷம் தோள்ல வைக்கிற மரக்கட்டையை எடுத்துட்டு கார்பன் நார்க் கட்டை போட்டேன். முந்நூறு கிராம் குறைஞ்சுது. அடுத்த மாசம் நிறுத்தா, மறுபடி மூணு கிலோ பத்து! சரின்னு ஸ்கோப் வளையத்தை டைட்டானியத்துல மாத்தினேன். எழுபது கிராம் குறைஞ்சுது. அடுத்த மாசம் மூணு கிலோ பத்து! போல்ட்டுல பள்ளம் கடைஞ்சேன், நாப்பத்தஞ்சு. மறுபடியும்..."

"மூணு கிலோ பத்து," என்றார் நைரி. ரோல் ஆறிக்கொண்டிருந்தது.

"நீங்க நாலு கிலோ இளைச்சா கணக்கு சரியாப் போயிடுமே," என்றார் டூகல், க்ளேட்டனின் வயிற்றைப் பார்த்து.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ஒவ்வொருத்தனும் தானே கண்டுபிடிச்ச ஜோக்குன்னு நினைக்கிறான்." க்ளேட்டன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது வெறும் எடை விஷயம் இல்லை. போன சனிக்கிழமை கிளப்புல சுட்டேன். ஸ்கோப் வந்து புருவத்துல இடிச்சிடுச்சு. ஒரு சென்டிமீட்டர் பின்னால நகர்த்தி வச்சிருக்காங்க! வளையம் இருந்த தடம் குழாய் மேல அப்படியே தெரியுது பாருங்க. கட்டையும் குட்டையாத் தெரியுது. தோள்வாரை ஒவ்வொரு தடவையும் நான் நீட்டி விடறேன், அடுத்த தடவை எடுத்தா சுருங்கிக் கிடக்கு. இது சதி."

"யாரு?"

"ஹெமி. வேற யாரு?"

ஹெமி டயர் கடைக்காரர். க்ளேட்டனோடு இருபது வருடம் மலையேறியவர். இருவரும் ஒன்பது வருடமாக ஃபியோர்ட்லாந்து காட்டில் வாபிட்டி மான் வேட்டைக்கான குலுக்கலில் பெயர் கொடுத்து, இந்த வருடம்தான் இடம் விழுந்திருந்தது. வரும் சனிக்கிழமை ஹெலிகாப்டரில் கிளம்ப வேண்டும்.

"அவனுக்குப் பொறாமை. துப்பாக்கியை இன்வர்கார்கில் பட்டறைக்கு எடுத்துட்டுப் போறதும் கொண்டுவர்றதும் அவன்தான். குற்ற உணர்ச்சி வேற! மாசம் தவறாம ஒரு பொட்டலம் மான் சாசேஜ் குடுத்தனுப்பறான். நாளைக்கு மத்தியானம் போலீசுல புகார் குடுக்கப் போறேன். இன்னொருத்தன் ஆயுதத்துல கைவச்சவனுக்கு உரிமம் எதுக்கு?"

நைரி ரோலைக் கீழே வைத்தார். ஹெமியின் வருமானத்தில் டயர் பாதி. பண்ணைகளில் முயல் சுடும் வேலை மீதி. உரிமம் போனால் நாலு பிள்ளைகளின் சாப்பாட்டில் பாதி போகும். அதை க்ளேட்டன் அறியாதவர் அல்ல. ஆனால் கிராம் கணக்குப் பார்ப்பவருக்குக் கிலோக் கணக்கானவை கண்ணில் படுவதில்லை.

"பெட்டகச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட. இன்னொண்ணு என் பொண்டாட்டி மோய்ராகிட்ட. அவளை விடுங்க, துப்பாக்கிக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னே அவளுக்குத் தெரியாது."

"உரிமம் இல்லாதவங்க கைக்குச் சாவி போகக்கூடாதே."

"உரிமம் இருக்கு. ஆறு வருஷம் முன்னாடி எடுத்தா. பேப்பருக்காக."

நைரி திருப்புளியை எடுத்துத் துப்பாக்கியின் பின்பக்கத்து ரப்பர் மெத்தையைக் கழற்றினார். மெத்தைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்க வேண்டிய இரண்டு நீட்டிப்புத் தகடுகள் இல்லை. கார்பன் கட்டையின் உள்கூட்டில் சின்னச் சின்னப் பொட்டலங்கள் ஆடாமல் அசையாமல் அடுக்கப்பட்டிருந்தன. வெள்ளைத் தாளில், ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, பசையில்லாமல் மடித்த மடிப்பு. ஒன்றைப் பிரித்தார். சக்கரத்தைச் சமன் செய்ய ரிம்மில் ஒட்டுவார்களே, அந்த ஈயப் பட்டை.

"டயர் கடை!" என்று டூகலும் க்ளேட்டனும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஆமாம், டயர் கடை," என்றார் நைரி. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள்வாரை வெளிச்சத்தில் பிடித்தார். கொக்கி உட்கார்ந்த இடத்தில் துணி மடிந்து தடம் விழுந்திருந்தது. நீளமான அளவில் ஒரு லேசான தடம். அதிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி இன்னொரு தடம். அது தேய்ந்து, வெளுத்து, வியர்வை உப்புப் பூத்திருந்தது.

"புகாரை நாளைக்குப் பன்னண்டு மணி வரைக்கும் சட்டைப் பையிலேயே வச்சிரு," என்றார்.

டயர் கடையில் ஹெமி ஒரு டிராக்டர் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சக்கரமா ஹெமியா எது பெரிது என்று சொல்வது கஷ்டம். ஈயப் பொட்டலத்தைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் கடை ஈயம்தான். நான்தான் குடுத்தேன்."

"யாருக்கு?"

"சொல்ல மாட்டேன். வாக்கு குடுத்திருக்கேன்."

"ஹெமி, நாளைக்கு உன் உரிமம் போயிடும்."

"போவட்டும் ப்ரோ!" என்று டூகலைப் பார்த்துச் சீறினார் ஹெமி, கேட்டது நைரி என்றாலும். "இருபது வருஷம் அந்தாளோட பேச்சைக் கேட்டிருக்கேன். கூடாரத்துல படுத்தா டைட்டானியம். எழுந்தா கார்பன். பல் தேய்க்கிற பிரஷ்ஷைப் பாதியா அறுத்துட்டு வர்றான், எடை குறையுதாம்! அதே பையில விஸ்கி ரெண்டு பாட்டில். அத்தனையும் பொறுத்துக்கிட்டவனைப் பார்த்து நீதான் சதிகாரன்னு சொன்னா நான் என்னத்தைச் சொல்ல?"

சுவரில் ஹெலிகாப்டர் கம்பெனிச் சீட்டு குத்தியிருந்தது. டூகல் எட்டிப் பார்த்தார்.

"மூணு பேர்னு போட்டிருக்கே. க்ளேட்டன் ரெண்டு பேர்தான்னு..."

ஹெமி நகர்ந்து சீட்டை மறைத்துக்கொண்டு நின்றார். அவர் நின்றால் சீட்டு என்ன, சுவரே தெரியாது.

"குலுக்கல் விண்ணப்பத்துல அவனும் கையெழுத்து போட்டிருக்கான். படிச்சுப் பாத்துட்டுப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

திரும்பும் வழியில் டூகல் வரிசையாக மூன்று முடிவுகளுக்கு வந்தார். ஹெலிகாப்டர் கம்பெனிக்காரன் கூலியை ஏற்றச் செய்த வேலை. இன்வர்கார்கில் பட்டறைக்காரனின் பழிவாங்கல். மூன்றாவதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்: "கள்ளக் காதல்."

"யாருக்கும் யாருக்கும்?"

"அது இன்னும் தெரியலை."

"தெரிஞ்சதும் சொல்லு," என்றார் நைரி, காரை நிறுத்தி ஒரு பெட்டி இஞ்சி பிஸ்கட் வாங்கப் போனபடி.

மறுநாள் காலை பத்து மணிக்கு க்ளேட்டன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். சாப்பாட்டு மேசைமேல் துப்பாக்கி கிடந்தது. போல்ட் மாட்டி, திறந்து வைத்திருந்தது. பக்கத்தில் புகார்க் கடிதம், தட்டச்சு செய்து, நான்கு பக்கம். க்ளேட்டனின் மனைவி மோய்ரா மருந்துக் கடைக்கு ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டுத் தேநீர் தட்டோடு நின்றார். அங்கே அவர் மருந்து நிறுத்துக் கொடுப்பவர். சின்ன உருவம், ஹெமியின் பின்னால் போனால் காணாமல் போய்விடுவார்.

"தோள்வாரைத் தேய்ஞ்ச தடத்துல வச்சிருக்கேன்," என்றார் நைரி. "ஒவ்வொருத்தரா மாட்டிப் பாருங்க."

"இது என்ன விளையாட்டு?" என்றார் க்ளேட்டன்.

"மாட்டு."

க்ளேட்டன் மாட்டினார். வார் முழங்கைக்கு மேலே வரவில்லை. ஹெமி ஒரு கையை நுழைத்தார். கட்டு போட்ட மாதிரி நின்றது. டூகல் தோளில் போட்டார். கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். டூகலின் முகம் வெளுத்தது.

"சத்தியமா நான் இல்லை, நைரி! நான் முயலைக்கூடக் கொன்னதில்ல!"

"தெரியும். ஊசின்னாலே மயக்கம் போடற ஆள் நீ. மோய்ரா, நீங்க?"

மோய்ரா தட்டைக் கீழே வைத்தார். கணவரைப் பார்க்கவில்லை. துப்பாக்கியை எடுத்தார், சுவர்ப்பக்கம் திருப்பினார், குனிந்து உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்தார், விரலையும் விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரே வீச்சில் தோளில் போட்டார். அது அவர் முதுகில் பை மாதிரி ஒட்டிக்கொண்டது.

"இதுவரைக்கும் மூணு ஆம்பளைங்க அதைத் தொட்டாங்க," என்றார் நைரி. "தோட்டா இருக்கான்னு பாத்தது மோய்ரா ஒருத்திதான்."

க்ளேட்டன் புகார்க் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"க்ளேட்டன், நீ என்கிட்ட வந்து கெடுத்துட்டாங்க, கெடுத்துட்டாங்கன்னு பட்டியல் போட்ட. கெடுக்கறவன் துப்பாக்கியை எதுக்கு நிறுப்பான்? முந்நூறு போனா முந்நூறு, நாப்பத்தஞ்சு போனா நாப்பத்தஞ்சு. பத்து கிராம் பிசகலை. இந்த ஊர்ல அப்படி நிறுக்கத் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தி நான். அப்புறம் அந்தத் தாள். அது பொடி மருந்து மடிக்கிற மடிப்பு. ஹெமி மடிச்சிருந்தா தாள் கிழிஞ்சிருக்கும்."

"கிழிஞ்சிருக்கும்," என்றார் ஹெமி.

"கட்டையைக் குட்டையாக்கி, ஸ்கோப்பைப் பின்னால இழுத்து, வாரைச் சுருக்கினது யாரையும் மாட்டிவிட இல்லை. குட்டைக் கையும் குட்டைக் கழுத்தும் உள்ள ஒருத்தங்க சௌகரியமாச் சுடறதுக்கு. வார்ல வியர்வை உப்பு பூத்திருக்கு. சதி பண்றவன் அதை மாட்டிக்கிட்டு மலையேற மாட்டான். உன் துப்பாக்கியை யாரும் கெடுக்கலை. உன்னை மாதிரியே இன்னொருத்தரும் அதை மேம்படுத்திக்கிட்டு இருந்தாங்க. அவங்க மேம்படுத்தினது சுடறதுக்கு."

"மோய்ரா?" என்றார் க்ளேட்டன். அவர் குரல் இவ்வளவு குறைந்த எடையில் அதுவரை கேட்டதில்லை. "என்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"கேட்டேன்." மோய்ராவின் குரல் உயரவில்லை. "ஆறு வருஷம் முன்னாடி இதே மேசையில. சுடக் கத்துக்குடுன்னு கேட்டேன். நீ குழலுக்குள்ள இருக்கிற முறுக்குல ஆரம்பிச்ச. டைட்டானியம் வர்றதுக்குள்ள நான் தூங்கிட்டேன். அப்புறம் ஹெமிகிட்ட கேட்டேன். 'இதை தோள்ல வை, மூச்சை விடு, மெதுவா அழுத்து'ன்னான். அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை நீ வீடு காட்டப் போவ. நானும் ஹெமியும் அவன் பொண்டாட்டியும் மலைக்குப் போவோம்."

"அந்த எடை..."

"நான் கத்துக்கிட்டப்போ அதான் எடை. அதுல என் தோள் தாங்குது, கை ஆடலை. நீ குறைக்கக் குறைக்க அது கழுதை மாதிரி உதைக்குது. உனக்கும்தான் உதைக்குது. போன வருஷம் அந்த மானைக் கால்ல சுட்டுட்டு ஆறு மணி நேரம் தேடினீங்களே, அப்போதான் கார்பன் கட்டை மாத்தியிருந்த. தேடிக் கண்டுபிடிச்சு முடிச்சு வச்சது ஹெமி. ஊரெல்லாம் நீ காத்து மேல பழி போட்ட. அவன் ஒரு வார்த்தை சொல்லலை." புகார்க் கடிதத்தை ஒரு விரலால் தள்ளினார். "என் ரகசியத்தைக் காப்பாத்தறதுக்காக இதையும் வாங்கிக்க இருந்தான். அவனுக்கு நாலு பக்கம் எழுதியிருக்க. எனக்குக் கல்யாண நாளுக்கு ரெண்டு வரி."

க்ளேட்டன் கடிதத்தின் பக்கங்களைப் புரட்டினார். பிறகு கேட்டார்: "அந்த சாசேஜ்?"

"நான் அடிச்ச மான்."

"எல்லாமா?"

"நாலு. அஞ்சு தோட்டா."

"அந்த அஞ்சாவது?"

"இருமிட்டேன்."

ஹெமி சிரிப்பை அடக்கப் பார்த்தார். அந்த உடம்பில் அது அடங்கவில்லை. க்ளேட்டன் புகாரை நாலாகக் கிழித்தார், ஆனால் தன் தட்டச்சைத் தானே கிழிக்கும் வேதனை முகத்தில் தெரிந்தது. துண்டுகளை ஹெமியின் கையில் வைத்து, "மன்னிச்சிருடா," என்றார்.

"இதுக்கு முன்னாடி நீ வச்சிருந்த பழைய மரக்கட்டை துப்பாக்கி இருக்குல்ல, நாலு கிலோ?" என்றார் ஹெமி. "அதை எடுத்துட்டு வா. பல் பிரஷ்ஷை முழுசா எடுத்துட்டு வா. இல்லேன்னா உன்னைக் காட்டுலேயே விட்டுட்டு நானும் மோய்ராவும் வந்திருவோம்."

மூன்று வாரம் கழித்து க்ளேட்டன் மறுபடி நைரியின் சமையலறைக்குள் வந்தார், இம்முறையும் தட்டாமல். மலையில் ஒரு வாபிட்டி கிடைத்தது, சுட்டது மோய்ரா. பின்காலைத் தோளில் சுமந்து இறக்கியது க்ளேட்டன். அதன் எடையை அவர் சொல்லவில்லை.

"நைரி, நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்," என்றார், நாற்காலியை இழுத்துப் போட்டு. "எல்லாரும் லேசான துப்பாக்கி, லேசான துப்பாக்கின்னு அலையறாங்க. முட்டாள்கள். துப்பாக்கின்னா எடை இருக்கணும். ஏன்னு கேளுங்க..."

டூகல் வாயைத் திறந்தார். மேசைக்கடியில் நைரி அவர் காலை மிதித்தார்.

அரை மணி நேரம் கழித்து க்ளேட்டன் போனார். மேசைமேல் அவர் வைத்துவிட்டுப் போன பொட்டலம் இருந்தது. சாசேஜ். வெள்ளைத் தாள், ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகிய மடிப்பு, மேலே மோய்ராவின் கையெழுத்தில் 'ஆயிரம் கிராம்'. பழக்கதோஷத்தில் நைரி அதைத் தராசில் வைத்தார்.

சரியாக இருந்தது.