நாற்காலியின் நாலாவது கால்

"நாற்காலி கிடைக்காட்டாலும் பரவாயில்லை, சார். லோர்னா இந்த ஊர்ல இனிமே உளியைத் தொடக் கூடாது. அதுக்கு ஆதாரம் கொடுங்க," என்றார் வென்டல் பிராதர்.

பசடேனாவில் பழைய ஓக் மரச்சாமான் சேர்ப்பவர்களில் அவர் பெரும்புள்ளி. தோல் மாற்றக் கொடுத்த நூறு வருடத்து நாற்காலியை அமுக்கிக்கொண்டு, தச்சுவேலை செய்யும் லோர்னா நகல் ஒன்றை அனுப்பிவிட்டாளாம். ஒரே வாரத்தில் அவள் பட்டறை காலி. நம்பிக் கொடுத்தவர்கள் எல்லாரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அவங்க மேல ஏன் இவ்வளவு ஆத்திரம்?" என்று கேட்டாள் துப்பறிவாளர் மெரில் கேஜின் உதவியாளர் ஐனஸ். அவளுக்கு அந்த ஆளைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

"போன வருஷம் எங்க சேகரிப்பாளர் சங்கத்துல, அத்தனை பேர் முன்னாடி, என் நாற்காலியில ஒரு கால் அசல் இல்லை, பிற்பாடு மாட்டினதுன்னு சொன்னா. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க."

அவர் வீட்டுக் கூடத்தில் செம்பு விளக்குகள் வரிசையாக இருந்தன. ஐனஸ் ஒன்றைத் தொடப் போனாள்.

"கையை எடும்மா. நூறு வருஷக் கறுப்பு அது. துலக்கின வேலைக்காரியை அன்னிக்கே அனுப்பிட்டேன்."

"மூலையில ஒண்ணு பளபளன்னு இருக்கே?"

"வாங்கும்போதே அப்படித்தான்."

கேஜ் குனிந்து அந்த விளக்கைப் பார்த்தார். மறுநாள் சங்கத்தார் பதினோரு பேரையும் லோர்னாவையும் அதே கூடத்துக்கு வரவழைத்தார்.

"புது ஓக்கை எப்படிக் கறுக்க வைப்பீங்க?" என்று கேட்டார்.

"அம்மோனியாவோட அறையில வெச்சு மூடுவோம்," என்றார் ஒருவர்.

"அந்த அறையில செம்பு இருந்தா?"

"பச்சை பூத்துடும்."

கேஜ் ஒரு புகைப்படத்தை நீட்டினார். "போன மாசம் நீங்க எல்லாரும் பிராதரோட கராஜைப் பார்க்க வந்தப்ப எடுத்தது. அலமாரியில இதே விளக்கு, கருகருன்னு. லோர்னா திருப்பித் தந்த அசலை ஒளிச்சுட்டு, விளக்கு அங்க இருக்கிறதை மறந்து, வாங்கி வெச்ச நகலுக்கு அங்கேயே அம்மோனியாப் புகை போட்டிருக்கார். பச்சை பூத்ததும் தன் கையாலேயே துலக்கிட்டார். வேற எதுக்காகவும் இவர் செம்பைத் துலக்க மாட்டார்."

ஐனஸ் கராஜுக்கு ஓடினாள். பரணில், கித்தானுக்கு அடியில் அசல் நாற்காலி இருந்தது. அதைக் கூடத்தின் நடுவே கொண்டுவந்து வைத்தாள்.

லோர்னா அழவில்லை. நாற்காலியைக் கவிழ்த்து மண்டியிட்டு, நாலாவது காலை விரலால் தட்டினாள்.

"வென்டல், இது பிற்பாடு மாட்டினதுதான். எல்லாரும் கிட்ட வந்து பாருங்க. போன தடவை நீங்க சரியாப் பார்க்கலை."

பதினோரு பேரும் குனிந்து பார்த்தார்கள். பிராதர் மட்டும் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.