உடனே வெளியே வரவும்

சி வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் மடங்காமல் கிடந்தது.

ஸ்பிரிங் வைத்த பழைய நாற்காலிகள். ஆள் எழுந்ததும் உட்காரும் பலகை தானே மேலே மடங்கிக்கொள்ளும். மெஹ்ஜபீன் அந்த ஒன்றைக் கையால் தூக்கிவிட்டாள். மடங்கியது. நோட்டில் ‘சி பதினொன்று, பழுது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தாள். பலகை மறுபடி இறங்கியிருந்தது.

மாதவராஜ் வாசற்படியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பே இல்லை. எப்போதும் இளித்துக்கொண்டே திரிகிறவன் சிரிக்காமல் இருந்ததுதான் அவளை உறுத்தியது.

மாரண்டஹள்ளி கலைமணி டாக்கீஸில் அடுத்த வாரம் மூன்று நாள் பேய்ப்பட விழா. நடத்துவது கல்லூரித் திரைப்பட மன்றம். பொறுப்பு அவளுடையது. சிரிப்புப் படங்கள் போடலாம் என்று நின்ற மாதவராஜ் இரண்டு ஓட்டில் தோற்றுப்போனான். அன்றிலிருந்து அவளை லீடரம்மா என்றுதான் கூப்பிடுகிறான். போன வாரம் எல்லார் முன்னாலும் பந்தயம் கட்டினான். விழா முடிவதற்குள் அவள் ஒரே ஒரு தடவை இந்த அரங்கத்திலிருந்து பயந்து வெளியே ஓடிவந்தாலும் பொறுப்பு அவன் கைக்குப் போய்விட வேண்டும். வீம்புக்குச் சரி என்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து யாரும் அவளை நம்பி எதையும் ஒப்படைத்ததில்லை. இதை விடுவதாக இல்லை.

மாதாந்திர மின்தடை நாள். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஊரில் கரண்ட் கிடையாது, காட்சியும் கிடையாது. நாற்காலி எண்ண வசதி என்றுதான் வந்திருந்தார்கள். மூன்று மணி வெயில் வாசலோடு நின்றுகொண்டது. உள்ளே வவ்வால் எச்சமும் பல வருடத்துப் பீடிப் புகையும் ஈரத் தேங்காய்நாரும் கலந்த வாடை, மூச்சோடு இறங்கித் தொண்டையில் ஒட்டிக்கொள்கிற மாதிரி.

கேட்டில் டிக்கெட் கிழிக்கும் அர்ச்சுனன் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். முப்பது வருடம் முன்பு அவர்தான் ஆபரேட்டர். பெட்டியில் புகைக்கரி பூசிய கண்ணாடித் துண்டுகள். படம் ஓடும்போது யாரையாவது அவசரமாகத் தேடி ஆள் வந்தால், கரியில் ஊசியால் பெயரைக் கீறி விளக்கின் முன் செருகுவார்களாம். திரையில் பெயரும் ‘உடனே வெளியே வரவும்’ என்பதும் விழும். அந்த ஆள் கேட்டைத் தாண்டியதும் பெயரைக் கட்டைவிரலால் அழித்துவிட வேண்டும். விழாவில் இடைவேளைக்கு இதைப் போட்டுக் காட்டத்தான் அவள் கேட்டிருந்தாள்.

ஒரு துண்டில் மட்டும் ஒரு பெயர் சரியாக அழியாமல், படிக்கும்படி இருந்தது. தர்மன், கம்பைநல்லூர். அவள் விசாரித்தாள். அர்ச்சுனன் அதை வாங்கிப் பார்த்தார்.

“ஹவுஸ்ஃபுல் படம் பாப்பா. சீட்டைப் புடிக்கறதுக்குப் பசங்களே பொய்யா ஸ்லைடு போடச் சொல்லுவாங்க. தர்மன் இதுவும் அப்பிடித்தான்னு நெனச்சுட்டான், எந்திரிக்கல. ஆனா அவன் கேட்டைத் தாண்டிப் போனதை நான் என் கண்ணால பாத்தேன். பேரை அழிச்சுக்கிட்டே இருந்தேன். படம் வுட்டு எல்லாரும் போனப்புறம் பாத்தா, இங்கியே குந்தியிருக்கான். ஒடம்பு சில்லுனு.”

“அப்ப வெளிய போனது யாருங்க?”

“ஸ்லைடு வுழுந்தா எந்திரிச்சுப் போயிரணும். என்ன ஏதுன்னு வெளிய போய்க் கேட்டுக்கணும். அவ்ளோதான்.”

அவர் மாதவராஜை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தார். அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. இரண்டு பேரும் பேசிவைத்த கதை. சாயங்காலம் வரை கேட்டருகில் இருப்பதாகவும், முடிந்ததும் சொன்னால் பூட்டிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார். மாதவராஜும் டீ குடிக்கப் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினான். போகிறபோக்கில் வாசல் திரையை இழுத்து விட்டுவிட்டுப் போனான்.

இருட்டில் போன் வெளிச்சத்தை வைத்து எண்ணினாள். ஜி வரிசை, பதினாறு. எச் வரிசை, பதினாறு. எங்கோ முன்னால் ஒரு பலகை கிறீச்சென்றது. எலி. மறுபடி கிறீச். எலிக்கு அவ்வளவு எடை ஏது.

அப்போது திரை வெளுத்தது.

கருப்புச் சதுரத்தில் நடுங்கும் வெள்ளை எழுத்து. மெஹ்ஜபீன். உடனே வெளியே வரவும்.

மறுபடி படித்தாள். பிறகு கோபம் வந்தது. பஸ் ஸ்டாண்டாம். பின்படி வழியாக மேலே ஏறியிருப்பான். கண்ணாடிக்குப் பின்னால் போன் விளக்கைப் பிடித்தால் போதாதா? கரண்டே வேண்டாமே. அவள் வெளியே ஓடுவாள், வாசலில் வீடியோ எடுக்க ஒருத்தன் நிற்பான். வேண்டுமென்றே பக்கத்து நாற்காலியின் பலகையை இறக்கி உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் பிடிக்கிறான் பார்க்கலாம் என்று அவனுக்கே போன் போட்டாள்.

உடனே எடுத்தான். பஸ் ஹாரன். பாலக்கோடு, பாலக்கோடு என்று ஒரு கண்டக்டர் கத்தினார். யாரோ கிளாஸ் கழுவும் சத்தம்.

“மேல ரூம்ல யாருடா?”

“எந்த ரூம்ல? நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். என்ன லீடரம்மா, வெளிய வரப் போறியா?” என்று சிரித்தான்.

மெல்லத் திரும்பி மேலே பார்த்தாள். ஆபரேட்டர் அறையின் ஓட்டை இருட்டாக இருந்தது. அங்கிருந்து எந்த வெளிச்சமும் வரவில்லை. திரையில் மட்டும் இருந்தது.

எழுந்திருக்க வேண்டும் என்று கால் சொன்னது. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது.

“வரல,” என்றாள்.

போன் அணைந்தது.

திரையின் ஓரத்தில் ஒரு நிழல் நுழைந்தது. ஆள் உயரத்துக்கு இருந்தது. கட்டைவிரல். ரேகை தெரிந்தது. மெ போயிற்று. ஹ் போயிற்று. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக.

வெளியே கேட்டருகில் அர்ச்சுனனின் குரல் கேட்டது.

“வந்துட்டியா பாப்பா? எண்ணியாச்சா?”

“ஆச்சுங்க.”

அவளுடைய குரல்.

“உள்ள யாரும் இல்லியே?”

“யாரும் இல்லீங்க. பூட்டிருங்க.”

ஓடினாள். இருட்டில் ஓடினாள். வாசல் திரைத்துணி முகத்தில் மோதியது. அதற்குப் பின்னால் கதவு. சாத்திய கதவு. இரண்டு கையாலும் அறைந்தாள். கதவு சத்தம் போடவில்லை. கத்தினாள். வாய் திறந்தது. அவ்வளவுதான். பூட்டு விழும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். தரையில் லேசாக இழுபடும் அவளுடைய இடது செருப்பு, வீட்டுப் பக்கமாக.

திரும்பினாள்.

திரையில் பெயர் இல்லை. அந்தக் காலி வெளிச்சத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள், எல்லாம் மடங்கி நின்றன. இரண்டைத் தவிர. சி வரிசையில் ஒன்று. எச் வரிசையில் ஒன்று, சற்று முன்பு அவள் உட்கார்ந்திருந்தது. பலகை கீழேயே இருந்தது. அதில் ஓர் உருவம், தோளில் அவளுடைய துப்பட்டா.

அது மூச்சு விடவில்லை.