மீனைத் தொடாத ஆவி

சுன்னாகத்தில் அருட்பிரகாசத்தின் வீடு தேடி வந்த பெண், கணவன் செத்த துடக்கு, தீட்டு என்று சொல்லி உள்ளே வர மறுத்துவிட்டாள். படலைக்கு வெளியே நின்றே பேசினாள். பெயர் ஆரணி; மயிலிட்டிக்காரி.

"ஐயா, எட்டாம் நாள் சடங்கு முடிஞ்ச அண்டிலயிருந்து என்ரை மனிசனுக்குப் பின்னேரத்தில படைச்சுக் கதவைச் சாத்திறன். திறக்கேக்க கொய்யாப்பழமும் மிளகாயும் போயிருக்கு. மீனைத் தொடுறாரில்லை. அவர் மீனில்லாமல் சோறு தின்னாத மனிசன்."

"எலிதான்," என்றாள் சீலா. அவள் மிருக வைத்தியர். ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரியான அருட்பிரகாசம் துப்பறியப் புறப்பட்டால் அவளும் கூடவே புறப்பட்டுவிடுவாள்.

"எலியெண்டால் மீனை விடுமோ, பிள்ளை?" என்று கேட்டார் அவர்.

"மேலயிருந்து சிரிக்கிறார், ஐயா," என்றாள் ஆரணி. "கரகரத்த சிரிப்பு. விடியவும் பின்னேரமும் கேக்கும். இருட்டினால் ஒரு சத்தமும் இல்லை. கடைசியாய்க் கடலுக்குப் போன அண்டு நான் அவரோடை சண்டை பிடிச்சனான். பிரேதமாய்த்தான் வந்தவர். அந்தக் கோபத்திலதான் என்ரை மீனைத் தொடுறாரில்லை. அவரின்ரை தமையன், சயந்தன் அத்தான், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும் வரைக்கும் புத்தூரில அம்மாவோடை போயிரு எண்டுறார். என்ரை மனிசன் என்னை மன்னிச்சாரோ இல்லையோ எண்டதை மட்டும் கண்டு சொல்லுங்கோ."

அன்று மாலை மயிலிட்டி வீட்டில் படையல் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். மூவரும் வெளியே நின்றார்கள். சீலா பேய்க்குப் பயந்தவளல்ல. ஆனாலும் சாத்திய கதவுக்கு அப்பால் அந்தச் சிரிப்பு எழுந்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒருவர் சிரிக்க இன்னொருவர் பதில் சிரிப்பது போலிருந்தது. கதவிடுக்கில் தெரிந்த விளக்கொளி இரண்டு தரம் படபடத்தது. ஆரணி கைகூப்பி அழுதாள்.

கதவைத் திறந்தார்கள். அறையில் ஒருவரும் இல்லை. மிளகாய்க் காம்புகள் மட்டும் சிதறிக் கிடந்தன. மீன்குழம்பில் எண்ணெய் கலையாமல் மிதந்தது. நிலத்தில் மரத்தூள் கொஞ்சம். அதன் நடுவே நகமளவு இறகு ஒன்று, நீலம் கலந்த சாம்பல் நிறத்தில். சீலா அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு கைக்குட்டையில் பத்திரமாகப் பொதிந்தாள்.

அந்நேரம் சயந்தன் உள்ளே வந்தான். அவனுடைய ஆட்காட்டி விரலில் கட்டு.

"விரலுக்கு என்ன நடந்தது, தம்பி?" என்று கேட்டார் அருட்பிரகாசம்.

"முந்தநாள் கடலில தூண்டில் ஏறிப்போட்டுது, ஐயா."

அருட்பிரகாசம் அவர்களை விறாந்தையில் இருத்தினார்.

"பிள்ளை, அது என்ன இறகு?"

"மலைநாட்டுக் கிளியின்ரை. எங்கடை ஊர்க்கிளிக்கு முதுகும் பச்சை. இதுக்கு முதுகு நீலச்சாம்பல், கழுத்தில பச்சை வளையம். இந்தத் தீவை விட்டால் உலகத்தில வேற எங்கையும் இல்லை. மலைக்காட்டில பெரிய மரப் பொந்திலதான் முட்டையிடும். குஞ்சு பிடிக்கிறவங்கள் மரத்தையே தறிக்கிறாங்கள். குஞ்சும் போகுது, அடுத்த வருசத்துக்குப் பொந்தும் போகுது. அதைப் பிடிச்சு வைச்சிருக்கிறதே குற்றம்."

"கிளி மீன் தின்னாது. இருட்டினால் உறங்கிவிடும்," என்றார் அருட்பிரகாசம். "சிரிச்சதும் அதுதான், கூரைப்பலகையைக் கொறிச்சு இறங்கினதும் அதுதான். ஆனால் மலையிலயிருந்து இஞ்சை தானாய்ப் பறந்து வராது. ஆரோ கடல் கடத்தக் கொண்டு வந்திருக்கினம். பிறகேன் கடத்தேல்லை? தம்பி, உங்கடை வீட்டில அந்தியேட்டி முடியாமல் ஆரும் கடலில கால் வைப்பினமோ?"

சயந்தன் கட்டுப் போட்ட விரலை மற்றக் கைக்குள் மறைத்தான்.

"வைக்கமாட்டினம், ஐயா," என்றாள் ஆரணி திகைத்து. "துடக்கெல்லே! வள்ளம் கரையிலதான் கிடக்கு."

"அப்ப முந்தநாள் இவருக்குத் தூண்டில் எந்தக் கடலில ஏறினது? கட்டை அவிட்டால் மேலையும் கீழையும் அலகு வெட்டின காயம் இருக்கும். தன்ரை தம்பி செத்த துடக்கில வள்ளம் எடுத்தால் ஊர் கதைக்கும். அதாலை கிளியளைக் கூரைக்குள்ளை வைச்சுக் காத்திருந்தவர். ஆவியெண்டு உம்மைக் கிளப்பினால் இவருக்குத் தொல்லையில்லை."

சயந்தன் தலைகுனிந்தான். கூரைக்குள்ளிருந்து சீலா கூட்டை இறக்கினாள். கம்பி வளைந்திருந்த அந்தக் கூட்டுக்குள் இரண்டு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. எஞ்சிய கிளிகள் கூரை வளைமரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அரைக்கண் மூடியிருந்தன. அவற்றைத் துவாயில் பொத்திப் பிடித்தபோது அவளுக்கு ஆத்திரமும் ஆனந்தமும் ஒன்றாக வந்தன. விடிந்தால் வனஜீவராசிக்காரரிடம் சேர்த்து மலைக்கு அனுப்பிவிடலாம்.

"பாத்தீங்களே ஆரணி? உங்கடை மனிசன் கோபிக்கேல்லை. இனிப் பயமில்லாமல் இருக்கலாம்," என்றாள் சீலா.

ஆரணி கிளிகளைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த அந்த அறைக் கதவையே பார்த்தாள்.

"அப்ப அவர் வரவேயில்லை, என்ன?" என்றாள். "கோபத்தோடையெண்டாலும் வீட்டுக்கு வாறார் எண்டு நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் சமைச்சனான்."