துடிப்புவளை

காலை மணி அடித்ததும் செவ்வந்தி எழுந்து, தன் குழந்தையின் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குழந்தை கண்ணாடிப் பேழைக்குள் ஓர் உதை உதைத்துவிட்டு மறுபடியும் உறங்கிப்போனது.

செந்நிலக் குடியேற்றத்தில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில் ஒரு பெண்ணின் உடல் ஆறு மாதத்துக்கு மேல் கருவைத் தாங்காது. அதன்பிறகு குழந்தையை வயிற்றிலிருந்து கருப்பேழைக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றிய அடுத்த வாரமே தாய்க்கு வளைகாப்பு நடக்கும். பூமியிலிருந்து கொண்டுவந்த சடங்குகளில் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. ஆனால் கை நிறையக் கண்ணாடி வளையல் கிடையாது. ஒரே ஒரு துடிப்புவளை. அது தாயின் நாடித்துடிப்பை எடுத்துப் பேழைக்குள் ஒலிக்கச் செய்யும். அந்த ஓசை கேட்டால்தான் குழந்தை அமைதியாக வளரும். தாய் அறையைத் தாண்டப் போனால் வளை சிவக்கும்; வாசற்கதவு பூட்டிக்கொள்ளும். குழந்தை பிறக்கும்வரை வளையைக் கழற்றும் வழக்கம் இல்லை.

பேழையைக் கவனித்துக்கொள்ளும் தாதிப்பொறி அன்றைய குறிப்பைச் சொன்னது.

“இது எட்டாம் மாதம். குழந்தை தலைகீழாகத் திரும்பும். பேழைச் சுவர் அவ்வப்போது இறுகித் தளரும். அது ஒத்திகை வலிதான், பயம் வேண்டாம். தாய்க்கு முதுகுவலி, கால்வீக்கம், தூக்கமின்மை ஏற்படலாம்.”

“குழந்தைதான் என் வயித்துல இல்லையே. எனக்கு எதுக்குக் கால் வீங்குது?”

“நீங்கள் உட்கார்ந்தே இருப்பதால்.”

செவ்வந்தி சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே தெரிந்த பனி ஊர்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தென்துருவத்திலிருந்து பனிக்கட்டி வெட்டிவரும் பெரிய ஊர்தி அது. அதன் முதன்மை ஓட்டுநர் அவள். மாற்று ஓட்டுநர் அவள் கணவன் பாரிவேள். மூன்றாம் நாள் விடியலில் ஊர்தி கிளம்புகிறது. இந்தப் பருவத்தில் போகாவிட்டால் அவள் உரிமம் காலாவதியாகிவிடும். மறுபடி அடியிலிருந்து பயிற்சி எடுக்க வேண்டும். பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும் அப்படித் திரும்பி வந்ததில்லை.

“ஒண்ணு கேக்கறேன்,” என்றாள் பொறியிடம். “இது யாரோட துடிப்புன்னு குழந்தைக்குத் தெரியுமா?”

“தெரியாது. சீரான மனிதத் துடிப்பாக இருந்தால் போதும்.”

“அப்போ இந்த வளையை வேற யாராவது போட்டுக்கலாமா?”

“போட்டுக்கொள்ளலாம்.”

“இத ஏன் இத்தனை நாளாச் சொல்லல?”

“இதுவரை யாரும் கேட்கவில்லை.”

விஷயத்தைக் கேட்டு மாமியார் மரகதம் வாயில் கை வைத்தாள். “ஆம்பளை கையில வளையா? நான் மூணு பேழைக்கு உட்கார்ந்து எந்திரிச்சவ. ஒருநாள் வாய் திறந்திருப்பேனா?”

“நீங்களாவது திறந்திருக்கலாம் அத்தை,” என்றாள் செவ்வந்தி.

பாரிவேள் நல்லவன். “குடு, நான் போட்டுக்கறேன். உக்காந்து இருக்கறதுதானே, இதுல என்ன கஷ்டம்?” என்று கையை நீட்டினான். பொறி வளையை மாற்றியது. குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை. செவ்வந்தி வாசலைத் தாண்டி நடந்தாள். நடைபாதையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்து, எதுவும் சிவக்கவில்லை என்பதை நம்ப முடியாமல் இன்னொருமுறை நடந்தாள்.

அன்று மாலையே பாரிவேளின் கூட்டாளிகள் வாசலில் கூடிவிட்டார்கள். “என்ன மாப்ள, மாசம் எட்டா? மாங்கா ஏதாவது வேணுமா?” என்று ஒருவன் கத்தினான். பாரிவேளும் சேர்ந்து சிரித்தான். மறுநாள் காலையில் அவனுக்கு முதுகு வலித்தது. மதியம் கால் மரத்துப்போனது. பேழைச் சுவர் ஒருமுறை இறுகியபோது அலறிக்கொண்டு எழுந்தான்.

“மனுஷன் இருப்பானாடி இப்படி? ஜெயில்லகூடக் கொஞ்ச நேரம் வெளிய விடுவாங்க!”

செவ்வந்தி ஊர்தி உடையின் இணைப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். “அஞ்சு வாரமா நான் இங்கதாங்க இருந்தேன்,” என்றாள்.

“நீ பழகிட்ட. எனக்கு மூச்சு முட்டுது.”

அவன் முனகல் குடியேற்ற அவைக்கு எட்டியது. அன்று பிற்பகலே அவசரக் கூட்டம். நல்ல உடல்நலமுள்ள ஓர் ஆளை இப்படி அடைத்து வைப்பது மனிதத்தன்மையற்றது என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். பொறியாளர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். இருட்டுவதற்குள் தீர்வு கிடைத்துவிட்டது: துடிப்பைப் பதிவு செய்து ஓயாமல் ஒலிக்கும் சிறு பெட்டி. இரண்டு கம்பி, ஒரு மின்கலம். பாரிவேள் கண்ணயர்ந்திருந்தபோது பதிவு எடுத்தார்கள். பெட்டியைப் பேழையில் பொருத்தினார்கள். குழந்தைக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வளை கழன்றது. அவை கைதட்டியது. அந்தக் கருவிக்குப் ‘பாரிவேள் பெட்டி’ என்று பெயரும் சூட்டியது.

விடியலில் செவ்வந்தி உடை அணிந்து காற்றடைப்பு வாயிலுக்குப் போனாள். வாயில் திறக்கவில்லை.

“நீங்கள் வெளியேற அனுமதி இல்லை,” என்றது கதவு.

“என் கையில வளையே இல்லையே!”

“பெட்டி நின்றுவிட்டால் உடனே கவனிக்க ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பது நேற்றைய அவைத் தீர்மானம். காவலர் இடத்தில் குழந்தையின் தாய் பெயர் பதிவாகியிருக்கிறது.”

“யார் பதிஞ்சது?”

“அந்த இடத்துக்கு யார் பெயரும் முன்மொழியப்படவில்லை. ஆகவே வழக்கமான பெயர் எடுத்துக்கொள்ளப்பட்டது.”

பின்னால் பாரிவேள் ஓடிவந்தான். மாற்று ஓட்டுநரின் உடை அணிந்திருந்தான். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

“இப்பத்தான் கூப்பிட்டாங்க செவ்வந்தி. ஊர்தி நிக்கக்கூடாதாம். போயிட்டு வந்துடறேன். நீ ஒண்ணும் பண்ண வேணாம், பெட்டிதான் எல்லாம் பாத்துக்குது. நீ சும்மா பெட்டியப் பாத்துக்கிட்டா போதும்.”

அவனுக்குக் கதவு திறந்தது.

செவ்வந்தி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அறை முழுக்கக் கணவனின் நிம்மதியான துடிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. பேழைக்குள் குழந்தை மெல்லத் தலைகீழாகத் திரும்பியது. அவள் உடையின் கொக்கியை அவிழ்க்கக் கை எழாமல் அப்படியே இருந்தாள்.

திறந்த வாசல் வழியே எதிர் அறையில் ஒரு தலை தெரிந்தது. எதிர் வீட்டு அஞ்சுகம், ஏழாம் மாதத்துக்காரி. தன் அறை வாசலைத் தாண்டாமல், வளை சிவந்துவிடாமல், கழுத்தை மட்டும் நீட்டினாள்.

“அக்கா, நீங்க ரொம்பக் கொடுத்து வச்சவங்க,” என்றாள் ஏக்கத்தோடு. “உங்களுக்காக ஒரு நாள் முழுக்க அண்ணன் வளை போட்டுக்கிட்டாராமே! இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பாரு?”