பொன்மாடத்தில் ஓர் அந்தி

பொருநை நதி கடலோடு கலக்கும் கொற்கைத் துறையில் முழுநிலா எழுந்துகொண்டிருந்தது. வெள்ளியை உருக்கி வார்த்தாற்போன்ற அந்த ஒளியில் எரிந்த மரக்கலங்களும், அவற்றினூடே அலைக்கழிந்த வீரர்களின் உடல்களும் மிதந்தன. துறைமுகம் பாண்டியரிடமிருந்து சோழர் வசமாகி அன்றோடு மூன்று நாள்.

கரையில் பொன்மாடம் மட்டும் தீக்கிரையாகாமல் நின்றது. வாசகர்களே! சீனத்திலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வரும் பெருவணிகர்கள் தங்குவதற்கென்றே எழுந்த ஐந்தடுக்கு விடுதி அது. பன்னீர் கமழும் நீராழித் தொட்டிகளும், அன்னத்தூவி மஞ்சங்களும் நிறைந்த அம்மாளிகையைக் கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்த நக்கண்ணை தனியொருத்தியாக நடத்தி வந்தாள்.

அந்த அந்திப் பொழுதில் அவளுடைய விருந்து மண்டபத்தில் பதினெட்டு வணிகர்கள் கைகள் பிணைக்கப்பட்டு மண்டியிட்டிருந்தனர். சோழ தண்டநாயகன் கடம்பராயன் உருவிய வாளுடன் அவர்கள் நடுவே உலவினான்.

"பாண்டியருக்கு எழுதிய ஓலை ஒன்று இம்மாளிகையில் பிடிபட்டிருக்கிறது. எழுதியவன் முன்வரும்வரை தலைகள் உருளும்!"

வாள் இறங்கியது. குதிரை வணிகர் யாகூபின் தலை உருண்டு நக்கண்ணையின் பாதத்தருகே வந்து நின்றது. அடுத்து ஒரு சீன வணிகரின் தலைமயிரைக் கடம்பராயன் பற்றினான்.

"நிறுத்துங்கள், தண்டநாயகரே! ஓலையை எழுதியவள் நான்!" என்று நக்கண்ணை அலறினாள்.

"அப்படியானால் அதிலுள்ள செய்தியைச் சொல், பெண்ணே."

அதை அறியாத அவள், சீன வணிகரை மறைத்தாற்போல் முன்னே வந்து நின்றாள்.

கடம்பராயன் நகைத்தான். "விருந்தினருக்காகச் சாகத் துணிந்தாயோ? சரி, முதலில் நீயே போ. காரிவேள்! இவள் தலையை வாங்கு."

மெய்க்காவல் தலைவன் காரிவேள் வாளை ஓங்கி அவளை நெருங்கினான். மூன்று நாள்களுக்கு முன் அவன் தோள்காயத்துக்கு மருந்திட்டவள் அவள். அவளுடைய அஞ்சாத விழிகளை ஒரு கணம் நோக்கினான். மறுகணம் சரேலென்று திரும்பி, தண்டநாயகனின் கழுத்தில் வாளைப் பாய்ச்சினான்.

"கொற்கையின் கீழை வாயிலில் சோழரின் யானைப்படை இல்லை! அதுதான் ஓலையின் செய்தி. எழுதியவன் பாண்டியரின் ஒற்றனாகிய நான்!"

காவலர்கள் பாய்ந்தனர். இருவர் அவன் வாளுக்கு இரையாயினர்; மூன்றாமவனின் வேல் அவன் தொடையைத் துளைத்தது. நக்கண்ணை தண்டநாயகனின் வாளை எடுத்து, தொங்கும் விளக்கை அறுத்துப் பட்டுத்திரைகளின் மேல் வீசினாள். தீ குபுகுபுவென்று பற்றியது. புகையில் காவலர் தடுமாற, அவள் வணிகர்களின் கட்டுகளை வெட்டிவிட்டு, நீராழியின் மதகு வழியே அனைவரையும் ஆற்றுக்கு அழைத்துச் சென்றாள்.

வணிகர்கள் அக்கரைக்கு நீந்தினர். மதகடியில் கட்டியிருந்த சிறு படகில் நக்கண்ணையும் காயம்பட்ட காரிவேளும் மட்டும் ஏறினர். பின்னால் பொன்மாடம் நிலை நிலையாகச் சரிந்தது.

"அம்மணி, என்னால் தங்கள் மாளிகை..."

"மாளிகை கிடக்கட்டும்! முன்னமே தாங்கள் வாய் திறந்திருந்தால் யாகூப் பிழைத்திருப்பார். கொல்லத்தில் அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள்."

காரிவேள் குருதி தோய்ந்த வாளை நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

"உயிரோடிருந்தால் அந்தப் பெண்ணிடம் சென்று நானே என் குற்றத்தைச் சொல்வேன். அவள் தரும் தண்டனையை ஏற்பேன். அதுவரை தங்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கமாட்டேன். இது இந்த வாளின் மீது ஆணை!"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நக்கண்ணை தன் மேலாடையைக் கிழித்து அவன் தொடையை இறுகக் கட்டினாள். பிறகு துடுப்பைக் கையில் எடுத்தாள்.

"கொல்லத்துக்கு வழி எனக்குத் தெரியும்" என்றாள்.